முதல் டிஸ்க்கின் வளையம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது ‘அக்கா’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் பாட்டிலில் ஒரு மடக்கு குறைந்திருந்தால், குடித்தது யார் என்று கண்டுபிடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே கதைதான். பால் பொங்கி வழிந்தால், தான் அடுப்பைவிட்டு நகர்ந்த நேரம் பார்த்து யாரோ தீயைக் கூட்டிவிட்டார்கள் என்பாள். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் நியாயம் பேசிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், எதைக் கேட்டாலும் “நான்தான்” என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். இவர் யாரைக் காப்பாற்றுவதற்காக ஒப்புக்கொள்கிறார் என்று அவள் அதையும் தோண்டத் தொடங்கினாள்.

அப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையும் சந்தேகத்துக்கு விடை தேடுகிற வேலைதான். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், நோயாளிகளின் உடம்பிலிருந்து வரும் கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வட்டமான கண்ணாடித் தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்த கூழ் இருக்கும். அதன்மேல் கிருமியைப் பூசி, மருந்தில் நனைத்த பொட்டு அளவு காகித டிஸ்க்குகளைச் சுற்றிவர வைத்து, சூட்டுப் பெட்டியில் மூடி வைப்பாள். மறுநாள் காலையில் கிருமி தட்டு முழுக்கப் பனிபோலப் படர்ந்திருக்கும். மருந்துக்குப் பயந்த இடத்தில் மட்டும் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளந்து, சுவரில் தொங்கும் அட்டவணையோடு ஒத்துப் பார்ப்பாள். அட்டவணையில் சொன்ன அளவைத் தொட்டால் ‘கேட்கும்’. தொடாவிட்டால் ‘கேட்காது’. மேலே வார்டில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

கூழ் காய்ச்சித் தட்டில் ஊற்றுகிறவர் வேறொருவர். ஆளுயரப் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்ததால் அவருக்கு ‘குக்கர்’ என்று பெயர். நல்ல மனுஷன். ஆனால் அவர்மேலும் சிஐடிக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. பேனா வழக்கு. யாரிடம் பேனா வாங்கினாலும் குக்கர் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

“எங்கண்ணே போகுது அத்தனை பேனாவும்? வீட்ல கடை போட்டிருக்கீங்களா?” என்பாள்.

“சத்தியமா தெரியலைம்மா. இங்கதான் வைக்கிறேன், திரும்பிப் பாத்தா காணோம். உன்னைவிட எனக்குத்தான் ஆச்சரியமா இருக்கு.”

அவள் நம்பவில்லை. தன் பேனாக்களின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள்.

இப்படி எல்லாம் அதனதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புது டாக்டரம்மா ஆய்வகத்துக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார். வயதில் சிஐடியைவிட இளையவர், இடது கைக்காரர், அதிகம் சிரிக்காதவர். வந்ததும் முதல் காரியமாக ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த அட்டவணையைக் கழற்றினார். அந்த இடத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று புதிதாகத் தெரிந்தது. அங்கே வேறொன்றை மாட்டினார்.

“இது புது ஸ்டாண்டர்டு. பல மருந்துக்கு அந்த அளவுக் கோட்டை ஏத்தியிருக்காங்க. பழசு இனி செல்லாது.”

சிஐடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதியதைப் படித்தாள். மருத்துவமனையில் அதிகம் எழுதப்படும் ஒரு மாத்திரை உண்டு. காலை ஒன்று, இரவு ஒன்று போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்திருக்கலாம். பழைய அட்டவணையில் அதற்கு இருபத்தொன்று மில்லிமீட்டர் வளையம் இருந்தால் போதும். புதியதில் இருபத்தாறு கேட்டது.

“இருபத்தொண்ணு இருந்தா இனிமே என்ன மேடம்?”

“கேட்காதுன்னு எழுதணும்.”

“நேத்துவரைக்கும் கேட்டுச்சே?”

“கேட்டுச்சுன்னு நாம எழுதினோம். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கலையாம், பல இடத்துல பாத்துட்டுத்தான் மாத்தியிருக்காங்க. கிருமி மாறிக்கிட்டே இருக்கு, கோடு மட்டும் அப்படியே நின்னா எப்படி?”

கிருமி மாறிக்கொண்டிருக்கிறதா, கோடு போடுகிறவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்களா என்று சிஐடி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். மாத்திரை கேட்காவிட்டால் ஊசி. ஊசியென்றால் பெரிய கம்பெனி. அதற்கேற்ற மாதிரி, டை கட்டி, தோல் பை மாட்டிய ஒருவர் டாக்டரம்மாவின் அறைக்குள் போவதையும், கதவு சாத்தப்படுவதையும் அந்த வாரத்திலேயே பார்த்துவிட்டாள். மறுநாளும் வந்தார். வரும்போது பை கனமாகத் தொங்கியது. போகும்போது லேசாக ஆடியது.

“பாத்தீங்களா அண்ணே, பை காலியா போகுது” என்று குக்கரின் காதைக் கடித்தாள்.

“உனக்கு இதே வேலையா? பேனாவை விட்டுட்டு இப்ப பையைப் பிடிச்சிட்டியா?”

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் வம்பாகப் போயிருக்கும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து அவளுடைய நாத்தனார் காய்ச்சலில் விழுந்தாள்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. புருஷனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பேருக்கும் ஒரு நாள் பேச்சு இருந்தால் ஒரு நாள் இருக்காது. ஆனால் சிஐடி வேலையிலிருந்து வர நேரமானால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, போட்டது தானில்லை என்பதுபோல உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். இப்போது நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி. சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். அவள் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம்.

வார்டு டாக்டர் சிஐடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “இப்போதைக்கு மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். உங்க ரிப்போர்ட் வரட்டும். மாத்திரைக்குக் கேட்டா நல்லது. கேட்கலைன்னா அந்தக் கடுமையான ஊசிதான் போடணும். அது கிருமியை அடிக்கும், ஆனா அவங்க கிட்னி தாங்குமான்னு தெரியலை.”

ஆக, மாத்திரை கேட்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நாத்தனாரின் தட்டை அவளே போட்டாள். அவள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. குக்கர் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருப்பார். இந்தத் தட்டு எந்தத் தடவை காய்ச்சிய கூழில் ஊற்றியது என்பதற்கு அடையாளம். அந்தக் கோடுதான் தட்டின் தலை என்று அவள் கணக்கு. தலைமாட்டில் முதல் டிஸ்க், அதுதான் மாத்திரை. பிறகு வரிசையாகச் சுற்றிவருவாள். எந்தத் தட்டிலும் இது மாறாது.

மறுநாள் காலையில் அளந்தாள். இருபத்தொன்று. பழைய அட்டவணைப்படி கேட்கும். புதியதன்படி கேட்காது.

ஸ்கேலைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். அப்போது பின்னால் டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

“இந்த நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?”

“நாத்தனார்.”

“முன்னாடியே ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்கலையே.”

டாக்டரம்மா தட்டை வாங்கிப் பார்த்தார். கீழே வைத்தார். “உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னே இருந்தேன். அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் கிருமியை வாராவாரம் போடுறீங்க இல்ல, நம்ம வேலை சரியா இருக்கான்னு பாக்க. அதுல முதல் டிஸ்க் எப்பப் பாத்தாலும் எல்லையோட மேல் விளிம்புலயே நிக்குது. ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், அதுதானே இயல்பு. இது இறங்கவே இல்லை.”

“எல்லைக்குள்ளதானே இருக்கு.”

“இருக்கு. அதுதான் சந்தேகமா இருக்கு. கிருமி அப்படி வளருதா, ஸ்கேல் அப்படி அளக்குதா?”

சிஐடிக்கு முகம் சிவந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை ஒருவர் சந்தேகப்படுவது அதுதான் முதல் தடவை. அது எப்படிக் குத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“வாங்க மேடம்” என்றாள். “நீங்க ஒரு தட்டு போடுங்க. நான் ஒரு தட்டு போடுறேன். எங்க நாத்தனாரோட இதே கிருமி, ஒரே அடுக்குல இருந்து எடுத்த தட்டு. நான் உங்க கையைப் பாக்குறேன், நீங்க என் கையைப் பாருங்க.”

அப்படியே செய்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் கையை ஒருவர் பூனை மாதிரி பார்த்துக்கொண்டு போட்டார்கள். மூடிய தட்டுகளை ஒரு பையில் போட்டு, பையின் வாயில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். எட்டிப் பார்த்த குக்கர், “ஓட்டுப் பெட்டிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வார்டில் நாத்தனாரின் நெற்றி கொதித்தது.

“மாத்திரை போடுறாங்க, போடுறாங்க, ஒண்ணும் காணோம். நெஜ மாத்திரைதானாடி இது?”

“நெஜந்தான் அண்ணி. கொஞ்சம் டைம் எடுக்கும்” என்றாள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே சரியாகப் படவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து பையைப் பிரித்தார்கள். அவள் தட்டில் முதல் டிஸ்க்குக்கு மறுபடியும் இருபத்தொன்று. டாக்டரம்மாவின் தட்டில் அதே மாத்திரைக்குப் பதினேழு.

சிஐடி இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“நீங்க கிருமியை அப்பிட்டீங்க” என்றாள் சிஐடி. “கனமா பூசினா வளையம் சுருங்கும்.”

“பூசும்போது பக்கத்துல நின்னு பாத்தது நீங்கதானே?”

உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டரம்மாவும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு பேரும் தப்புச் செய்யவில்லை என்றால், மிச்சமிருப்பது மூன்றாவது ஆள். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் கூழ் காய்ச்சும் அறைப் பக்கம் திரும்பின. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

குக்கர் புதிதாக ஊற்றிய தட்டுகளை எவர்சில்வர் மேசையில் பரப்பி ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எல்லாத் தட்டும் ஒரே தடவை காய்ச்சின கூழ்தானா? இல்ல, கடைசியில பத்தாம தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?”

குக்கருக்கு வருத்தமாகிவிட்டது. “இத்தனை வருஷத்துல என்னை இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அளந்து போட்டு, அளந்து ஊத்துறேன். வேணும்னா எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன். ஒரு பேனா கொடு.”

சிஐடி யோசித்துவிட்டு, கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய பேனாவை நீட்டினாள். குக்கர் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் காகிதம் தேடத் திரும்பினார். அவள் கண் பேனாவைவிட்டு நகரவில்லை. இன்றைக்கு எப்படி எடுக்கிறார் என்று பார்த்துவிடுவோம் என்று நின்றாள்.

பேனா தானாக ஒருமுறை புரண்டது. பிறகு நிதானமாக, யாரும் தள்ளாமல், தட்டுகளின் நடுவே வழி கண்டுபிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் உருண்டு போனது. மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் விழுந்தது. கீழே டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, ஏற்கெனவே கிடக்கும் எதன்மேலோ விழுந்த மாதிரி.

“மேசை சாஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா உறைந்த தட்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கூழ் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, கதவுக்கு அடியில் வைக்கும் ஆப்பு மாதிரி இருந்தது. மெலிந்த பக்கத்தில் குக்கரின் கோடு.

“கோட்டை எந்தப் பக்கம் போடுவீங்க?”

“என் வயித்துப் பக்கம்” என்றார் குக்கர். “தட்டை அசைக்காம, நின்ன இடத்துல இருந்தே போட்டுக்கிட்டு வருவேன். கைக்கு அதுதான் வாகு.”

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மேசை சுவர்ப்பக்கம் தாழ்ந்திருந்ததால் கூழ் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. குக்கரின் வயிற்றுப் பக்கம் எப்போதும் மெலிசு. அங்கேதான் கோடு. கோட்டடியில்தான் சிஐடியின் முதல் டிஸ்க். மெலிந்த கூழில் மருந்து பக்கவாட்டில் தூரம் ஓடும், வளையம் பெரிதாகும். இடது கைக்காரரான டாக்டரம்மாவுக்கு இந்தத் தலைமாட்டு வழக்கம் தெரியாது. கைக்கு வந்த இடத்தில் அவர் தொடங்கியதில், மாத்திரை தடித்த பக்கத்தில் விழுந்துவிட்டது.

மேசையை இழுத்துப் பார்ப்பது என்று முடிவானது. தட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு மூன்று பேரும் பிடித்தும் அசையவில்லை. அந்த நேரம் வாசலில் டை கட்டிய ஆள், தோல் பையோடு வந்து நின்றார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க, ஒரு கை போடுங்க” என்றார் டாக்டரம்மா. பிறகு சிஐடியின் முகத்தைப் பார்த்து, “எங்க வீட்டுக்காரர். பக்கத்து ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவார்” என்றார்.

சிஐடி தலையாட்டினாள். அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு மேசையைப் பிடித்தபோது, பையின் வாய் வழியே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். டப்பாதான். மூன்று அடுக்கு.

மேசை நகர்ந்தது. சுவரோரத்தில் குவியலாகப் பேனாக்கள். நீலம், கறுப்பு, மூடியில்லாதது, சிவப்பு நூல் கட்டியவை ஐந்தாறு. குக்கர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டையில் தூசி துடைத்து அவள் கையில் வைத்தார். வைத்த விதம் போதுமானதாக இருந்தது.

“மன்னிச்சுக்குங்க அண்ணே.”

“பரவால்ல. அடுத்த வழக்கு என்னன்னு சொல்லு, தயாரா இருக்கேன்.”

மேசையின் முன்கால் இரண்டும், அந்த ஆளுயர இயந்திரத்துக்காகக் கட்டிய சிமெண்ட் மேடையின் விளிம்பில் ஏறி நின்றிருந்தன. புது இயந்திரம் வந்தபோது இடம் பற்றவில்லை என்று யாரோ மேசையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது போன வருஷம்.

போன வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் சிஐடி கையிலிருந்த பேனாக்களைக் கீழே வைத்தாள். போன வருஷத்திலிருந்து எத்தனை தட்டு, எத்தனை முதல் டிஸ்க், எத்தனை ‘கேட்கும்’. மாத்திரைச் சீட்டோடு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன முகம் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் வளையங்கள்தான்.

“அட்டவணைக் கோடு பழசா இருந்தப்ப அதுல நிறைய சலுகை இருந்துச்சு. மேசை சாஞ்சது அந்தச் சலுகையில மறைஞ்சிருச்சு” என்றார் டாக்டரம்மா. அவர் முகமும் வெளுத்திருந்தது. “போன ரிப்போர்ட் எல்லாத்தையும் வார்டுவார்டா சொல்லித் திருப்பிப் பாக்கணும். நானே மேலிடத்துல பேசுறேன். உங்களைத் தப்பா நினைச்சேன், அக்கா.”

“நானும் உங்களை நினைச்சேன்.”

“என்னன்னு?”

“அதை விடுங்க” என்றாள் சிஐடி. கணக்கு வாத்தியார் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

இருந்த தட்டுகளையெல்லாம் ஒதுக்கினார்கள். மேசையைச் சமதரையில் நிறுத்தி, வாத்தியார் குனிந்து பார்த்துச் சரி என்ற பிறகு, குக்கர் புதிதாக ஊற்றினார். அன்று சாயங்காலம் நாத்தனாரின் கிருமியை மறுபடி பூசினார்கள். சிஐடி வீட்டுக்குப் போனதும் வாசலில் விளக்கு எரியவில்லை. அதைப் போடுகிறவள் வார்டில் இருந்தாள்.

காலையில் சிஐடி ஸ்கேலை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். “நீங்களே அளந்திடுங்க. எங்க வீட்டு ஆள்.”

“சேந்தே அளப்போம்.”

மாத்திரையின் வளையம் பதினெட்டு. சிஐடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். கழற்றிப்போட்ட பழைய அட்டவணையை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள், என்றைக்காவது சாட்சிக்கு ஆகும் என்று. அதிலும் பார்த்தாள். பதினெட்டு அதன்படியும் தேறவில்லை. புதுக் கோடு அல்ல, பழைய கோடே அந்த மாத்திரையைக் காப்பாற்றாது. மூன்று நாளாக நாத்தனாரின் நெற்றி சொன்னதைத்தான் தட்டு இப்போது சொன்னது.

“இதையும் பாருங்க” என்றார் டாக்டரம்மா.

குக்கரின் மார்க்கர் கோட்டுக்கு நேரெதிரே இருந்த டிஸ்க். அது இன்னொரு ஊசி மருந்து, சிறுநீரகத்துக்குச் சாது. அவள் வரிசையில் அது எப்போதும் தடித்த பக்கத்திலேயே விழுந்ததால் வளையம் சுருங்கிச் சுருங்கி, ‘கேட்காது’ என்றே எழுதிவந்த மருந்து. சமமான தட்டில் அது நன்றாக விரிந்திருந்தது. சிஐடி ஒருமுறை அளந்தாள். தட்டைத் திருப்பி வைத்து அளந்தாள். ஸ்கேலைத் துடைத்துவிட்டு அளந்தாள். புதுக் கோட்டைத் தாண்டியேதான் நின்றது.

“கேட்கும்” என்றாள்.

அவளே மேலே எடுத்துக்கொண்டு போனாள். வார்டு டாக்டர் படித்துவிட்டு நர்ஸிடம் மருந்தை மாற்றச் சொன்னார். நாத்தனார் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து மாத்திரைன்னே. இன்னைக்கு ஊசிங்குறே. யாருடி உனக்குச் சொல்லிக்கொடுக்குறா?”

“யாரும் இல்ல அண்ணி. கீழ மேசை சாஞ்சிருந்துச்சு. அதனால தப்பா வந்துச்சு. இப்ப சரி பண்ணியாச்சு.”

“மேசை சாஞ்சா எனக்கு எதுக்கு ஊசி?”

அது நியாயமான கேள்விதான். சிஐடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கூழ், கோடு, டிஸ்க் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். நாத்தனார் சூடான கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதெல்லாம் எனக்கு வேணாம். நீ உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன். மூணு தடவை அளந்தேன்.”

“உனக்கு நம்பிக்கை இருக்கா?”

“இருக்கு.”

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வீட்ல பால் பொங்குனாக்கூட நம்பாதவ நீ. நீயே நம்புறேன்னா போடச் சொல்லு” என்று கையை நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் சந்தோஷமாக அளவைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், நாத்தனார் சிஐடியைக் கிட்டே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து வச்ச தெர்மாமீட்டர் இது இல்லடி. மாத்திட்டாங்க.”

சிஐடி எழுந்து போய், நர்ஸிடமிருந்து தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் அக்குளிலேயே வைத்துக்கொண்டு, நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.